எல்லை தாண்டிய ரதி

பதுளை
2025 ஏப்ரல் 6

கிருஷ்ணராஜ்,

நான் லக்ஷிகா. நீ குத்திக் கொன்ற பார்த்தீபனின் அக்கா. உன் சுகத்தை விசாரிக்க இதை எழுதவில்லை. நீ சுகமாக இருக்கக் கூடாது என்பதுதான் இந்த வீட்டில் எல்லாருடைய வேண்டுதலும்.

உன் வழக்கை இலவசமாகப் பேசுகிற முஷ்ரிபாவும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். உனக்காக அவள் நிற்கிறாள் என்று கேள்விப்பட்ட அன்றே அவளோடு பேச்சை விட்டேன். இப்போது வெட்கத்தை விட்டு அவள் வாசலில் போய் நின்று இதைக் கொடுத்திருக்கிறேன். மறியல் சிறைக்கு அவள் வரும்போது உன் கையிலேயே தருவாள். பதிலும் அவளிடமே கொடு.

நாளை மறுநாள் தம்பிக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் வீடு நிறைய இருக்கிறார்கள். டொக்டர் பத்மநாதனின் பிள்ளைக்குத் தேயிலைத் தோட்டத்துப் பெடியளோடு என்ன தொடர்பு என்று ஒவ்வொருவராக அம்மாவைக் கேட்கிறார்கள். ஒரே டியூஷன் வகுப்பு என்கிறார் அம்மா. அது போதாதாம் அவர்களுக்கு. அப்பா, இந்த ஊரில் எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய மனிதர், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நிற்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அன்று ஞாயிற்றுக்கிழமை. வகுப்பு முடிந்து தம்பியும் கூட்டாளிகளும் பைக்கில் உங்கள் தோட்டத்துக்குக் கீழே ஆற்றுப் பாலத்தடிக்குப் போயிருக்கிறார்கள். நீங்கள் கத்தியோடு இறங்கி வந்தீர்கள். சித்தப்பா மகன் கோகுலன்தான் இரத்தத்தில் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடி ஆட்டோவில் ஏற்றினான். குத்தியது நீ என்று கண்ணால் கண்டவனும் அவன்தான். அம்மா இப்போது அவனுக்குத்தான் சோறு போட்டுப் பக்கத்தில் இருந்து பார்க்கிறார்.

பேப்பரில் உன் படம் பார்த்தேன். சேலை, முகத்தில் அரிதாரம், கையில் விலங்கு. கூத்தாடிக்கொண்டிருந்த இடத்தில் பிடித்தார்களாம். என் தம்பியைக் கொன்றுவிட்டு எப்படி உன்னால் ஆட முடிந்தது?

வழக்கு முடியப் பத்து வருடம் ஆகும், அதுவரை பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம், ஒருவனுக்கு ஒருவன் கணக்குத் தீர்ப்போம் என்று கோகுலனும் மற்றவர்களும் எங்கள் வரவேற்பறையில் இருந்து பேசுகிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். கடைசியில் அவன் ஏதாவது சொன்னானா?

லக்ஷிகா


மறியல்
2025 ஏப்ரல் 13

பார்த்தீபனின் அக்காவுக்கு,

கிருஷ்ணராஜ் எழுதுவது. நாளைக்கு வருசப் பிறப்பு. இங்கே பாயாசமா தருவார்கள்? நேற்று ஒரு வாளித் தண்ணீருக்காக ஒருத்தன் மண்டையைச் சுவரில் மோதி உடைத்தார்கள். எனக்குப் பதினெட்டு முடிந்து ஒரு மாதம்தான். கொஞ்சம் முந்தியிருந்தால் பையன்களோடு போட்டிருப்பார்கள் என்று முஷ்ரிபா மிஸ் சொன்னார். நீங்கள் கேட்டபடி சுகமாக இல்லை. சந்தோசப்படுங்கள்.

நான் உங்கள் தம்பியைக் குத்தவில்லை. பாலத்தடிக்கு நான் வரவே இல்லை.

உங்களுக்குக் காமன் கூத்து என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கம்பம் நட்டு, காமன் எரிகிற நாள் வரைக்கும் ஆடுவோம். காமனும் ரதியும் ஆடுகிறவர்களுக்கு மணிக்கட்டில் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு. கட்டினால் எரிக்கிற வரைக்கும் தோட்டத்து எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவனுக்கு மட்டுமில்லை, எங்கள் லயத்து வீடுகள் முழுதுக்கும் கேடு. இந்த வருசம் நான் ரதி. தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார்கள். பொலிசுக்கும் அதைத்தான் சொன்னார்கள். சார்ஜன் சிரித்தாராம். அம்மா ஸ்டேசன் வாசலிலேயே சூடம் கொளுத்திச் சத்தியம் பண்ணியிருக்கிறாள்.

கண்ணால் கண்ட கோகுலன் பொலிசில் என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. தெரியாதாம். வகுப்பில் கேலிக்குக் கூப்பிடுகிறபடி "அந்த ரதி" என்றுதான் சொல்லியிருக்கிறான்.

தோட்டத்துப் பையன்களோடு என்ன தொடர்பு என்று உங்கள் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள் அல்லவா? நான் சொல்கிறேன். உங்கள் தம்பி முன்வாங்கு, நாங்கள் கடைசி வாங்கு. நாங்கள் உள்ளே வந்தால் ஜன்னலைத் திறக்கச் சொல்லுவார், கொழுந்து நாறுகிறதாம். சாரும் சேர்ந்து சிரிப்பார். பிறகு பஸ் ஸ்டாண்டில் அடி. அவர்கள் பைக் சங்கிலி கொண்டு வருவார்கள், நாங்கள் கல் பொறுக்குவோம். நாங்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. உங்கள் ஆளில் ஒருத்தனுடைய முன்பல் இரண்டை நான்தான் உடைத்தேன். அதற்காக இன்னும் எனக்கு வருத்தம் வரவில்லை.

அதற்குப் பதிலாக என்னைப் பிடித்திருந்தால் நியாயம். சுரேசைப் பிடித்தார்கள். சுரேஸ் எங்கள் கூத்துக்குத் தப்பு மேளம் அடிக்கிறவன். சண்டைக்கே வராதவன். ஹாலிஎலயில் தனியாகப் பஸ்ஸுக்கு நின்றவனை இழுத்துக்கொண்டு போய், வலது கையை வேன் கதவில் வைத்துச் சாத்தினார்கள். மூன்று தடவை. சாத்தியது உங்கள் தம்பி. வேன் உங்கள் வீட்டு வேன். இப்போது அவன் விரல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று போய்ப் பாருங்கள். பொலிசில் சொன்னோம். டொக்டர் வீட்டுப் பிள்ளை, விளையாட்டில் பட்டிருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் அங்கே இல்லை.

கிருஷ்ணராஜ்


பதுளை
2025 ஏப்ரல் 28

கிருஷ்ணராஜ்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழிக்கப் போனேன். பிறகு வேன் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். கழுவிய வேனில் என்ன தெரியும்? பெப்ரவரியில் ஒருநாள் தம்பி தானாக வேனைக் கழுவினான். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். அது நினைவுக்கு வந்ததும் கதவைச் சாத்தாமலே உள்ளே வந்துவிட்டேன்.

நேற்று உன் தோட்டத்துக்குப் போனேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. பஸ் கடைசியாக நிற்கிற இடத்திலிருந்து நடை. லயத்து வாசலில் நின்று நான் யாரென்று சொன்னதும், தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் குடத்தை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். அடிப்பார்கள் என்று நினைத்தேன். உன் அம்மா ஜெயலெட்சுமி வந்து, கையைத் துடைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். தேத்தண்ணி தந்தார். குடிக்காமல் வைத்திருந்தேன். அவருக்கு அது விளங்கியது.

"எம் மவன் எல்லையத் தாண்ட மாட்டாங்க. காப்புக் கட்டுன புள்ளைங்க" என்றார். நான் கேட்கவே இல்லை, காமன் பொட்டலுக்குக் கூட்டிப்போய் ஒரு கல்லில் சூடம் வைத்தார். தன் மகன் தாண்டியிருந்தால் இந்த நெருப்பு தன்னை எடுக்கட்டும் என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தார். அந்தக் கையில் முன்னமே ஒரு தீக்காயம் இருந்தது. ஸ்டேசனில் பட்டதாக இருக்க வேண்டும். பொய் சொல்கிற முகம் அது இல்லை. நான் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அப்போதுதான் கம்பத்தடியில் பார்த்தேன். காமனாக ஆடிய பையன் கழற்றிக் கட்டிவிட்ட காப்பு. மழையில் நனைந்த மஞ்சள் நூல், முடிச்சில் ஒரு கிழங்குத் துண்டு.

ஆஸ்பத்திரியில் தம்பியின் உடுப்பை ஒரு பையில் போட்டுத் தந்தார்கள். கூடவே ஒரு தாளில் சுற்றி, கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார் என்று சொல்லி ஒன்றைத் தந்தார்கள். அறுந்த நூல், ஒரு துண்டு மஞ்சள். கோவில் நூல் என்று நினைத்து என் அலுமாரியில் வைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுதான், கிருஷ்ணராஜ். நீ அங்கே இருந்தாய். என் தம்பி உன் கையைப் பிடித்திருக்கிறான்.

உன் அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உனக்குச் சொல்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுது. இல்லாவிட்டால் அந்த நூல் பொலிசுக்குப் போகும். அதற்குப் பிறகு எந்தச் சூடமும் உன்னைக் காப்பாற்றாது.

லக்ஷிகா


மறியல்
2025 மே 6

அக்கா,

முஷ்ரிபா மிஸ்ஸிடமும் இதைச் சொல்லவில்லை. முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். படித்ததும் எரித்துவிடுங்கள்.

அன்று பொட்டலில் ஒத்திகை. தப்பு அடிக்க வேறு ஒருத்தன் வந்திருந்தான். அவனுக்குத் தாளம் விழவில்லை. எங்கள் செட்டில் நாலைந்து பேர் இல்லை என்று அப்போதுதான் கவனித்தேன். சின்னப் பிள்ளை ஒன்று, அண்ணன்மார் கவ்வாத்துக் கத்தியோடு பாலத்தடிக்குப் போகிறார்கள் என்றது. கவ்வாத்துக் கத்தி என்றால் தேயிலைச் செடியை இடுப்போடு வெட்டித் தள்ளுகிற கத்தி. எலும்புக்கு அது பெரிய வேலை இல்லை. நான் ஓடினேன். எல்லைக்கல்லுக்குக் கிட்டப் போனதும் கால் நின்றுவிட்டது. பொய் சொல்லவில்லை, நின்றேன். கீழே சத்தம் கேட்டது. தாண்டிவிட்டேன்.

நான் போகும்போது யாரும் மனுசனாக இல்லை. ஹெல்மட்டால் அடிக்கிறார்கள், சங்கிலியால் அடிக்கிறார்கள். எங்கள் பையன் ஒருத்தனுடைய காது தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முதுகில் சங்கிலி விழுந்தது, தழும்பு இன்னும் இருக்கிறது. போதும்டா என்று கத்தினேன், யார் கேட்டான்? உங்கள் தம்பி தண்ணீர் ஓரமாக நின்றிருந்தார். அவருக்கு முன்னால் நின்றவனைப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்தார். நான் எட்டிப் பிடிக்கிறதுக்குள் கத்தி இறங்கிவிட்டது. வயிற்றில் ஒன்று, இழுத்து இன்னொன்று. குத்தினவன் பெயரை எழுத மாட்டேன். பொலிசிலும் சொல்லவில்லை, அடித்தார்கள், சொல்லவில்லை.

இரத்தத்தைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் தேயிலைக்குள் பாய்ந்துவிட்டார்கள். உங்கள் ஆட்களும் நிற்கவில்லை. பைக்கெல்லாம் ஒன்றாகக் கிளம்பின. கோகுலனுடைய பைக்குத்தான் முதல் பைக். உங்கள் தம்பி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் திரும்பிப் பார்த்தான் அக்கா. பார்த்துவிட்டுத்தான் போனான்.

பிறகு அங்கே நானும் அவரும்தான். என் சட்டையைக் கழற்றி வயிற்றில் கட்டி, முதுகில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினேன். அவர் என்னைவிடக் கனம். இரண்டு தரம் விழுந்தேன். என் காப்புக் கையை முன்னால் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. பாதி வழியில் கேட்டார்.

"உன்ர பேர் என்ன?"

இரண்டு வருசம் ஒரே வகுப்பு. கிருஷ்ணராஜ் என்றேன். "கிருஷ்ணராஜ், என்னை விட்டிட்டுப் போயிடாதை" என்றார். அவ்வளவுதான் அவர் கடைசியில் சொன்னது.

ஆட்டோவில் ஏற்றும்போது கையை இழுத்தேன், நூல் அறுந்தது. நான் ஏறவில்லை. ஏறியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் பொலிஸ் இருக்கும் என்று பயந்தேன். அந்த ஆட்டோக்காரர் யாரென்று இன்றுவரைக்கும் தெரியாது. திரும்பி வந்து பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு, வீட்டில் கிடந்த மஞ்சளை எடுத்து நானே நூலில் கோத்துக் கட்டிக்கொண்டேன். காப்பைத் தானே கட்டிக்கொள்கிற பாவி எங்கள் தோட்டத்தில் இதுவரை இருந்திருக்க மாட்டான். அதோடுதான் காமன் எரிகிற வரைக்கும் ஆடினேன். எப்படி ஆட முடிந்தது என்று கேட்டீர்கள். நின்றால் கேள்வி வரும், அதனால் ஆடினேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு நல்லதுதான் என்று எனக்கும் தெரியும். ஆனால் அம்மா எனக்காகச் சூடத்தில் அடித்திருக்கிறாள். நான் தாண்டினேன் என்று கோர்ட்டில் சொன்னால் அவள் சத்தியம் பொய்யாகும். அவள் அதைத் தாங்க மாட்டாள். படுத்துவிடுவாள். நான் உள்ளே இருந்தால் குறைந்தபட்சம் உயிரோடு இருப்பாள். தயவுசெய்து நூலை வைத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணராஜ்


பதுளை
2025 மே 19

கிருஷ்ணராஜ்,

எரிக்கவில்லை. மன்னித்துக்கொள். "என்னை விட்டிட்டுப் போயிடாதை" என்கிற அந்த வரியை எரிக்க என்னால் முடியவில்லை.

நீ எழுதியது உண்மை என்று எனக்கு எப்படித் தெரியும் தெரியுமா? அன்று ஆஸ்பத்திரிக்குக் கோகுலன் வெள்ளை டீசேட்டோடு வந்தான். இரத்தத்தில் கிடந்தவனைத் தூக்கி ஓடினவனின் சட்டையில் ஒரு பொட்டுக்கூட இல்லை. நான் அவன் நெஞ்சில் சாய்ந்து அழுதிருக்கிறேன். என் கண்ணுக்கு அது படவே இல்லை.

இப்போது கேள். சனிக்கிழமை அவர்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா கேக் வெட்டி வைத்தார். உங்கள் லயத்தில் யாரோ குடித்துவிட்டு வாயை விட்டிருக்கிறான், குத்தியது ரதி இல்லை, தப்பு அடிக்கிறவர்களில் ஒருத்தன் என்று. கோகுலன் என்னிடம் வந்து, "அக்கா, ஆர் எண்டு மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை நாங்கள் பாப்பம்" என்றான். கண்ணால் கண்டதாகச் சொன்னவனே என்னைக் கேட்கிறான். முஷ்ரிபாவிடம் நான் போய் வருவது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வெளியே ஒரு வேன் நின்றது. அதற்குள் வாள் இருந்ததை நான் பார்த்தேன்.

நீ பெயரை எழுதவில்லை, எழுதத் தேவையுமில்லை. யாருடைய விரலை உடைத்தார்களோ அவன்தான். சுரேஸ் என்று நான் ஒரு தலையசைப்புக் காட்டியிருந்தால் அன்று பொழுது சாய்வதற்குள் அவனைத் துண்டு துண்டாக்கியிருப்பார்கள். அவன்மேல் எனக்கு இரக்கமில்லை. என் தம்பியைக் கொன்றவன். ஆனால் அவன் கையை என் தம்பி என்ன செய்தான் என்பதும் எனக்குத் தெரியும். இன்னொரு பிணத்தை என்னால் பார்க்க முடியாது.

அதனால் உன் பெயரைச் சொன்னேன். கிருஷ்ணராஜ்தான், வேறு யாருமில்லை, அவனே எழுதி ஒப்புக்கொண்டான் என்றேன். நீ மதிலுக்குள் இருக்கிறாய், உன்னை யாராலும் தொட முடியாது. சுரேஸ் வெளியே நிற்கிறான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர்கள் நம்பினார்கள். கேக்கைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

நூல் என்னிடம் இருக்கிறது. நீ சரி என்று சொல்லாமல் யாரிடமும் கொடுக்க மாட்டேன். ஆனால் உன் அம்மாவைப் பற்றி நீ நினைப்பது சரிதானா என்று யோசித்துப் பார்.

உன்னைத் தம்பி என்று எழுத எடுத்தேன், கை வரவில்லை. கோபிக்காதே.

லக்ஷிகா


மறியல் ஆஸ்பத்திரி
2025 ஜூன் 2

அக்கா,

நான் படுத்துக்கொண்டு சொல்கிறேன், முஷ்ரிபா மிஸ் எழுதுகிறார். சொன்னதை ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.

மதிலுக்குள் தொட முடியாது என்று எழுதினீர்கள். போன வாரம் குளிக்கிற இடத்தில் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள ஒருத்தன் குத்தினான். சுவரில் தீட்டித் தீட்டிக் கூராக்கின கம்பி. விலாவுக்குக் கீழே மூன்று இடம். டவுனிலிருந்து கோகுலன் சுகம் கேட்கச் சொன்னான் என்று சொல்லிச் சொல்லிக் குத்தினான். ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள்.

உங்களுக்கு நல்ல மனசு, அது எனக்குத் தெரியும். சுரேசைக் காப்பாற்றத்தான் சொன்னீர்கள். ஆனாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும். என்னைக் கேட்டீர்களா? உங்கள் வரவேற்பறையில் இருந்துகொண்டு, இரண்டு லயத்துப் பையன்களில் எவனைக் கொடுப்பது, எவனை விடுவது என்று யோசித்திருக்கிறீர்கள். அண்ணன் தம்பியைப் போலப் பழகின ஆட்கள் நாங்கள், எங்களில் ஒருத்தனைப் பொறுக்கி எடுக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது? சொல்லுவதற்கு மூன்றாவது பெயர் ஒன்று இருந்தது. தம்பியை விட்டுவிட்டு ஓடினவன் உங்கள் முன்னால் நின்று கேக் தின்றுகொண்டிருந்தான். அவன் சட்டை வெள்ளையாக இருந்தது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயர் மட்டும் உங்கள் வாயில் வரவில்லை. அவன் உங்கள் ஆள்.

மிஸ் அழுகிறார். எழுதுங்கள் மிஸ் என்கிறேன்.

அம்மாவைப் பார்க்க விட்டார்கள். செத்துப்போவேன் என்று நினைத்து எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். தாண்டினேன், தூக்கினேன், காப்பை நானே கட்டினேன், எல்லாம். அம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தப் புள்ளைய விட்டுட்டு ஓடாம தூக்குனியில்ல?"

தூக்கினேன் என்றேன்.

"அப்ப சரி. சத்தியத்த நான் பாத்துக்கிறேன். நீ கோர்ட்ல போயி உள்ளத சொல்லு."

நூலைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கிருஷ்ணராஜ்


மொனராகலை
2025 ஜூலை 15

கிருஷ்ணராஜ்,

நீ எழுதியது அத்தனையும் சரி. செய்ததை மட்டும் சொல்கிறேன்.

கடிதம் வந்த அன்று மாலையே, அப்பாவும் அம்மாவும் சித்தப்பாவும் இருக்க, கோகுலனை நிற்க வைத்து அந்த வெள்ளைச் சட்டையைப் பற்றிக் கேட்டேன். முதலில் சிரித்தான். நூலைக் காட்டியதும் வாய் திக்கியது. அம்மா எழுந்து போய்ப் படுத்தவர்தான், இன்னும் சரியாக எழும்பவில்லை. மறுநாள் பொலிசில் மூன்று விஷயமும் எழுதிக் கொடுத்தேன். நூல், மறியலில் உன்னைக் குத்தச் சொன்னது, வேன் கதவு. மூன்றாவதை எழுதும்போது, தம்பி இல்லாத நேரத்தில் அவனைக் காட்டிக்கொடுக்கிறேன் என்று இருந்தது.

"செத்த பிள்ளைக்கு மேல இன்னொருக்காக் கத்தி இறக்கிறியோ?" என்று கேட்டு அப்பா அறைந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. உதடு கிழிந்தது. அவரே பஞ்சு எடுத்துத் துடைத்துவிட்டு, இனி இந்த வீட்டில் இருக்காதே என்றார். முஷ்ரிபாவின் அக்கா காமிலா இங்கே மொனராகலையில் இருக்கிறார். அவர் வீட்டில்தான் இருக்கிறேன்.

உன் அம்மா நீதிமன்றத்தில் பேசியதை முஷ்ரிபா சொல்லியிருப்பாள். நானும் அங்கே இருந்தேன். முன்னால் சொன்னது பொய்யா என்று கேட்டபோது, "பொய்தாங்க. எம் புள்ள போனான். அந்தப் புள்ளையத் தூக்கத்தான் போனான்" என்று சத்தமாகச் சொன்னார். பின்னால் உட்கார்ந்திருந்த உங்கள் தோட்டத்து ஆட்கள் சிலர் அப்போதே எழுந்து வெளியே போனார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சுரேஸ் போன வாரம் தன் தாயோடு வந்து பொலிசில் சரணடைந்துவிட்டான். இடது கையால் குத்தியதாகச் சொல்லியிருக்கிறான். தனக்காக நீ குத்துப்பட்ட பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லையாம். கோகுலனைப் பிடித்துவிட்டார்கள். உனக்குப் பிணை கிடைக்கும் என்கிறாள் முஷ்ரிபா, இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வெளியே வந்திருப்பாய் என்கிறாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அன்று நீதிமன்றப் படியில் இறங்கும்போது தம்பியின் கூட்டாளிகள் எதிரில் நின்றார்கள். முன்வாங்குப் பிள்ளைகள். எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஒரு கல் வந்து நெற்றியில் பட்டது. ஐந்து தையல். அது பெரிதாக வலிக்கவில்லை. கல்லோடு சேர்த்து "தோட்டக்காட்டாள்" என்று கத்தினார்கள். என்னைப் பார்த்து. அந்தச் சொல்லை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வீட்டில், பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில். சிரித்தும் இருக்கிறேன். என் பக்கம் வந்தது அன்றுதான்.

நீ அதை முதலில் கேட்டபோது உனக்கு என்ன வயது?

லக்ஷிகா அக்கா


தோட்டம்
2025 ஜூலை 27

அக்கா,

வெளியே வந்துவிட்டேன். நிமிர்ந்து நடக்க இன்னும் முடியவில்லை. வாரத்துக்கு ஒரு தரம் ஸ்டேசனில் கையெழுத்துப் போட வேண்டும். லயத்தில் பாதிப் பேர் எங்களோடு பேசுவதில்லை. பீலியில் அம்மா குடத்தை வைத்தால் தங்கள் குடத்தை நகர்த்தி வைக்கிறார்கள். அடுத்த மாசி எனக்குக் காப்புக் கட்ட மாட்டார்கள். அம்மா காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு எல்லாருக்கும் முன்னால் போய் நிற்கிறாள், யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சூடம் பட்ட கை ஆறிவிட்டது.

சுரேசை மறியலில் போய்ப் பார்த்தேன். நான் படுத்திருந்த அதே மண்டபத்தில்தான் இருக்கிறான். என்னைப் பார்த்து அழுதான், நானும் அழுதேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதட்டுமா என்று கேட்டான். எழுது, ஆனால் அக்கா பதில் போட வேண்டும் என்று எதிர்பார்க்காதே என்று சொல்லிவிட்டு வந்தேன். கோகுலனும் அங்கேதான் இருக்கிறான், வேறு மண்டபம். இரண்டு பேரையும் ஒன்றாகப் போட்டுவிடக் கூடாது என்று முஷ்ரிபா மிஸ் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவனை யாரும் தொட வேண்டாம் என்று எங்கள் பையன்களிடம் நான் சொல்லியிருக்கிறேன். கேட்பார்களா என்று தெரியவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ஆறு வயது.

காய்ச்சல் என்று அம்மா என்னை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் ஒரு அம்மாவும் பிள்ளையும். என் வயதுதான் அவனுக்கு. வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்தான். திரும்பி முழங்காலில் நின்றுகொண்டு எங்களையே பார்த்தான். அவன் திட்டவில்லை அக்கா, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எங்களுக்கு அதுதான் பெயர் என்று அவனுக்கு வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டான். "நீங்கள்தானோ தோட்டக்காட்டார்?"

அவனுடைய அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் அம்மா என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, அவனைப் பார்த்துச் சிரித்து, "ஆமாங்க தம்பி" என்றாள்.

கிருஷ்ணராஜ்